பத்தொன்பது பேர், பதினெட்டு சைக்கிள்



கூட்டமைப்பு மலருக்கு ஏதாவது வரலாறு எழுதித் தாங்க அக்கா என்று மலர்க் குழுவிலிருந்து கேட்டார்கள். சேமிப்பு எவ்வளவு, கடன் எவ்வளவு, எத்தனை குழு என்கிற கணக்கெல்லாம் வேறு பக்கங்களில் வருகிறது. நான் என்ன எழுதுவது என்று யோசித்து, பரண் மேலிருந்த எங்கள் குழுவின் பழைய தீர்மான நோட்டை இறக்கினேன். கரையான் கொஞ்சம் தின்றது போக மிச்சம் இருக்கிறது. அதில் ஒரு பக்கத்தில் இப்படி ஒரு வரி:

“உறுப்பினர்கள் 19 பேர் சைக்கிள் 18-ல் கடலூரிலிருந்து சிதம்பரம் சென்று வந்தனர். பஞ்சர் செலவு ரூ.6. லாரி வாடகை பொதுவில் பிரித்துக்கொள்ளப்பட்டது.”

அவ்வளவுதான். எழுதியது நான்தான். அப்போது நான் குழுவின் ஊக்குநர். ஒரு முழுப் பகலை ஒரு வரியில் அடக்கிவிட்டேன். 19 பேருக்கு ஏன் 18 சைக்கிள் என்று அந்த வரியைப் படிக்கிற யாருக்கும் தெரியாது. எங்களில் நாலு பேர் இப்போது உயிரோடு இல்லை. அதனால் அந்த ஒரு வரிக்குப் பின்னால் இருக்கிற கதையை இங்கே எழுதுகிறேன். அது எங்கள் ஊர்க் கதை மட்டும் இல்லை. அதற்கு முன்னால் புதுக்கோட்டைப் பெண்களின் கதை இருக்கிறது.

புதுக்கோட்டையில் நடந்தது

1988-ல் மத்திய அரசு தேசிய எழுத்தறிவு இயக்கத்தைத் தொடங்கியது. 1990-ல் கேரளத்தின் எர்ணாகுளம் நாட்டிலேயே முழு எழுத்தறிவு பெற்ற முதல் மாவட்டம் ஆனது. அதைப் பார்த்துத் தமிழ்நாட்டிலும் மாவட்டம் மாவட்டமாக அறிவொளி இயக்கம் வந்தது. 1991 மக்கள்தொகைக் கணக்கின்படி தமிழ்நாட்டில் எழுதப் படிக்கத் தெரிந்த ஆண்கள் நூற்றுக்கு 74 பேர், பெண்கள் 51 பேர். பாதிப் பெண்களுக்குக் கைநாட்டுதான். அரிக்கேன் விளக்கு வெளிச்சத்தில் தாய்மாரும் பாட்டிமாரும் சிலேட்டுப் பிடித்த காலம் அது. நம்மில் பல பேர் கையெழுத்துப் போடப் பழகியது அந்த விளக்கு வெளிச்சத்தில்தான்.

1991-ல் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி தொடங்கியபோது அங்கே கலெக்டராக இருந்தவர் ஷீலா ராணி சுங்கத் அம்மா. வறண்ட பூமி. ஊருக்கும் ஊருக்கும் நடுவில் பொட்டல். பஸ் காலையில் ஒன்று, சாயங்காலம் ஒன்று. பாடம் சொல்லித்தரும் தொண்டர்களில் நிறையப் பேர் பெண்கள். அவர்கள் ராத்திரி வகுப்புக்கு எப்படிப் போவது, எப்படித் திரும்புவது? அங்கேதான் சைக்கிள் வந்தது. எழுத்தோடு சைக்கிளும் பாடம் என்று ஆக்கினார்கள். முதலில் தொண்டர்கள் பழகினார்கள். அவர்களைப் பார்த்துப் படிக்க வந்தவர்கள் பழகினார்கள். அப்புறம் ஊரில் உள்ள எல்லாப் பெண்களுக்கும் ஆசை வந்துவிட்டது. பெண்கள் சைக்கிள் வாங்க வங்கியில் கடன் கிடைக்கக் கலெக்டர் ஏற்பாடு செய்தார். பெண்கள் சைக்கிள் ஓட்டுவதற்கென்றே பாட்டும் கட்டினார்கள்.

லேடீஸ் சைக்கிள் கடையில் கிடைக்கவில்லை. தட்டுப்பாடு. அதற்காக யாரும் காத்திருக்கவில்லை, ஆம்பளை சைக்கிளையே எடுத்தார்கள். சில பேருக்கு அதுதான் பிடித்ததாம். முன்னால் பார் இருக்கிறது, பிள்ளையை உட்கார வைக்கலாம் என்று. இப்படி யோசிக்க ஒரு தாயால்தான் முடியும்!

1992 மகளிர் தினத்தை ஒட்டி 1,500-க்கும் மேற்பட்ட பெண்கள் ஹேண்டில்பாரில் கொடி கட்டி, மணி அடித்துக்கொண்டு புதுக்கோட்டை நகரத்துக்குள் வந்தார்கள். அதைப் பற்றி எழுதிய பத்திரிகையாளர் பி.சாய்நாத், மாவட்டத்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கிராமத்துப் பெண்கள் சைக்கிள் பழகினார்கள் என்றும், அவர்களில் 70,000 பேர் ஊர் அறியப் போட்டிகளில் ஓட்டிக் காட்டினார்கள் என்றும் கணக்குச் சொல்கிறார். சின்னக் குழந்தைகளை விட்டுவிட்டால் நாலு பெண்ணுக்கு ஒரு பெண். 1996-ல் வந்த அவருடைய புத்தகத்தில் இது இருக்கிறது.

ஆரம்பத்தில் அவர்களும் பேச்சு வாங்கினார்கள். அசிங்கமாகப் பேசினார்கள், சிரித்தார்கள். ஒருத்தி சைக்கிளில் போனால் ஊர் பேசும். ஊரில் பாதிப் பெண்கள் சைக்கிளில் போனால் பேசுவதற்கு ஊரில் யார் மிச்சம்? புதுக்கோட்டையில் எனக்குப் பிடித்த விஷயம் இதுதான். தைரியம் உள்ள ஒருத்திக்காகக் காத்திருக்காமல், எல்லாரும் சேர்ந்து ஏறிவிட்டார்கள்.

சைக்கிள் எதைக் கொடுத்தது?

ஏதோ பெண்கள் ஆசைக்கு ஓட்டினார்கள் என்று நினைத்துவிடக் கூடாது. பூவோ காய்கறியோ விற்கிற பெண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். பஸ் நிற்கும் இடம் 3 கிலோமீட்டர். கூடையை அங்கே கொண்டு போய் விட அப்பனோ புருஷனோ அண்ணன் தம்பியோ வர வேண்டும். அவர்களுக்கு மனசு இருந்தால்தான் இவளுக்கு வியாபாரம். பஸ்ஸுக்குக் காத்திருந்து, இரண்டு ஊர் சுற்றி, பிள்ளைக்குச் சோறு ஆக்கவும் தண்ணீர் பிடிக்கவும் ஓட்டமாய்த் திரும்ப வேண்டும். சைக்கிள் வந்ததும் அதே நேரத்தில் நாலு ஊர் போகலாம். யாரையும் கெஞ்ச வேண்டாம். குடத்தையும் கேரியரில் கட்டலாம். மிச்சமாகிற நேரம் அவளுடையது.

நம்ம கடற்கரை ஊர்களில் இதைக் கண்ணால் பார்க்கிறோம். முதுநகரில் மீன் எடுக்கிற அம்மா அன்னக்கூடையைத் தலையில் தூக்கிக்கொண்டு நடக்கிறார். அதே மீனை எடுக்கிற ஆண் வியாபாரி கேரியரில் பெட்டியைக் கட்டி, ஹாரனை அடித்துக்கொண்டு பத்து ஊர் தாண்டிப் போய்விடுகிறார். அந்த அம்மா போய்ச் சேரும்போது அங்கே எல்லா வீட்டிலும் குழம்பு கொதிக்கிறது. இரண்டு பேருக்கும் மீன் ஒன்று, உழைப்பும் ஒன்று. நடுவில் இருக்கிற வித்தியாசம் இரண்டு சக்கரம்.

வெளிநாட்டிலும் இதே கதைதான்

வெள்ளைக்காரப் பெண்கள் பிறக்கும்போதே சைக்கிளில் பிறந்தார்கள் என்று நான் ரொம்ப நாள் நினைத்திருந்தேன். அப்படி இல்லை. அமெரிக்காவில் 1890-களில் பெண்கள் சைக்கிள் ஏறியபோது அங்கேயும் டாக்டர்கள் உடம்புக்கு ஆகாது என்றார்கள், பெரியவர்கள் குடும்பத்துக்கு ஆகாது என்றார்கள். 1894-ல் ஆன்னி லண்டண்டரி என்று பெயர் வைத்துக்கொண்டு ஒரு பெண் பாஸ்டன் நகரத்திலிருந்து உலகம் சுற்றக் கிளம்பினார். மூன்று குழந்தைக்குத் தாய். கிளம்புவதற்குச் சில நாள் முன்னால்தான் சைக்கிள் பழகினாராம். நீளப் பாவாடையோடு, கனமான சைக்கிளில் புறப்பட்டவர், வழியில் பாவாடையை விட்டுக் காற்சட்டைக்கு மாறி, எடை குறைந்த ஆம்பளை சைக்கிளுக்கும் மாறிவிட்டார். கடலைக் கப்பலில் கடந்து, 15 மாதம் கழித்து 1895-ல் திரும்பினார். பெண்களின் ஓட்டுரிமைக்குப் போராடிய சூசன் பி.ஆன்டனி அம்மையார், பெண்ணுக்கு விடுதலை கொடுத்ததில் சைக்கிளைப் போல வேறு எதுவும் இல்லை என்ற பொருளில் 1896-ல் பேட்டி கொடுத்தார்.

அதே நாட்டில் அயோவா என்கிற மாநிலம் முழுக்கச் சோளக் காடும் சமவெளியும். அங்கே 1973-ல் தொடங்கிய வழக்கப்படி கோடையில் ஆயிரக்கணக்கில் கூடி, மேற்கு எல்லையிலிருந்து கிழக்கு எல்லை வரை ஒரு வாரம் சைக்கிளில் போகிறார்கள். ஊருக்கு ஊர் நின்று சாப்பிட்டு, பேசி, சிரித்துப் போவது. அவர்களுக்கு அது கோடை விடுமுறை. நமக்கு விடுமுறை ஏது? ஆனால் ஒரே ஒரு பகல் எங்களுக்கும் அப்படி அமைந்தது.

எங்கள் குழுவுக்குச் சைக்கிள் வந்த விதம்

தமிழ்நாடு மகளிர் மேம்பாட்டு நிறுவனம் 1983-ல் தொடங்கியது. 1989-ல் பன்னாட்டு வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியோடு தர்மபுரியில் சுய உதவிக் குழுக்கள் ஆரம்பித்தார்கள். அப்புறம் சேலம், மதுரை, ராமநாதபுரம் மாவட்டங்களுக்கும் நம் தென்னாற்காடு மாவட்டத்துக்கும் அது வந்தது. 1993-ல் தென்னாற்காடு இரண்டாகப் பிரிந்து நாம் கடலூர்ப் பக்கம் ஆனோம். 1997-98-ல் தொடங்கிய மகளிர் திட்டம் படிப்படியாக மாநிலம் முழுக்க வந்தபோது சேர்ந்த குழுக்களில் எங்களுடையதும் ஒன்று.

குழுப் பயிற்சி ஒன்றில்தான் புதுக்கோட்டைக் கதையை முதன்முதலில் கேட்டேன். பயிற்சி கொடுக்க வந்த அம்மா சொல்லி முடித்ததும், பக்கத்தில் இருந்த எங்கள் பெரியம்மா என் காதில், “ஏம்மா, அங்க கலெக்டரு கடன் வாங்கிக் குடுத்தாங்க. நம்மகிட்டயே பணம் இருக்குதே, நாம ஏன் யாரையும் கேக்கணும்?” என்றார். அவருக்கு அப்போது 52 வயது. சந்தாப் பணத்தை எண்ணி நோட்டில் ஏற்றும்போது கூட எட்டி நின்று பார்க்கிறவர், அன்றைக்கு இதைச் சொன்னார்.

அடுத்த கூட்டத்தில் தீர்மானம் போட்டோம். உள்கடனாக ஆளுக்கு 1,500 ரூபாய், மாசம் 100 ரூபாய் தவணை. சில பேர் புதுசு வாங்கினார்கள், சில பேர் 600 ரூபாய்க்குப் பழசு வாங்கினார்கள். மாரியம்மன் கோயில் திடலில் சாயங்காலம் சாயங்காலம் பழகினோம். சின்ன வயசில் அண்ணன் சைக்கிளில் திருட்டுத்தனமாகக் குரங்கு பெடல் போட்ட நாலு பேருக்கு உடனே வந்துவிட்டது. மற்றவர்களுக்கு முழங்கால் தோல் போனது. புடவை செயினில் மாட்டிக் கிழிந்தது. பெரியம்மா எல்லாருக்கும் கடைசியாகப் பழகினார். பெடலை மிதிக்க வந்தது, இறங்கத்தான் வரவில்லை. கோயில் படிக்கட்டுப் பக்கம் ஓட்டி வந்து படியில் காலை ஊன்றி இறங்குவார்.

ஒரு நாள் விளையாட்டாய்த்தான் பேச்சு வந்தது. “புதுக்கோட்டையில ஆயிரத்து ஐநூறு பேரு போனாங்களாம். நாம பத்தொன்பது பேரு சிதம்பரம் வரைக்கும் போக முடியாதா?” கடலூரிலிருந்து சிதம்பரம் ஏறத்தாழ 45 கிலோமீட்டர். போகும்போது சைக்கிள், வரும்போது உறவுக்காரர் ஒருவருடைய மினி லாரி என்று முடிவானது.

அந்தப் பகல்

பங்குனி மாசம். விடியற்காலை 5 மணிக்கு மஞ்சக்குப்பம் மைதானத்தில் கூடினோம். பதினெட்டு சைக்கிள் வந்தது. பத்தொன்பதாவது ஆள் நடந்து வந்தாள்.

அவள் பெயரை எழுதப் போவதில்லை. எல்லாருக்கும் அவள் தங்கச்சி. முதல் நாள் ராத்திரி வீட்டுக்காரர் சைக்கிளைப் பூட்டிச் சாவியை எடுத்துக்கொண்டாராம். “போறதுன்னா நடந்து போ”ன்னு சொன்னாராம். அவளும் நடந்தே வந்துவிட்டாள். “உன் கடன்ல வாங்கின சைக்கிள் தானேடி, நீ கேட்க வேண்டியதுதானே?” என்றார் ஒரு அக்கா. “கடன் எம்பேர்லக்கா. கடை பில்லு அவரு பேர்ல” என்றாள். அப்போதுதான் எங்களுக்கே உறைத்தது. கடைக்குப் போய்ப் பணம் கட்டினது ஆண்கள். பாதிப் பேருடைய பில் புருஷன் பெயரில்தான் இருந்தது. நாங்கள் யாரும் அதைக் கவனிக்கவில்லை.

“சரி வா, கேரியர்ல ஏறு” என்றேன். மாற்றி மாற்றி டபுள்ஸ் ஏற்றிக்கொள்வது என்று பேசிக்கொண்டோம். இன்னொரு பேச்சும் பேசினோம். மெதுவாகப் போகிறவர் முன்னால் போக வேண்டும், வேகமாய்ப் போகிறவர் பின்னால் வர வேண்டும். அப்போதுதான் யாரும் தனியாக விடுபட மாட்டார்கள். அதனால் பெரியம்மாதான் முதல் சைக்கிள்.

முதுநகரில் டீ. சிப்காட் பக்கம் போகும்போது முதல் ஷிப்டுக்குப் போகிற ஆண்கள் எதிரே சைக்கிளில் வந்தார்கள். இந்த நேரத்தில் இத்தனை பெண்களா என்று சில பேர் இறங்கி நின்று பார்த்தார்கள். “எங்கம்மா ஊர்வலம், எந்தக் கட்சி?” என்று ஒருவர் கேட்டார். “எங்க கட்சிதான்!” என்று பின்னாலிருந்து குரல் வந்தது. அந்தச் சிரிப்பு ஆலப்பாக்கம் வரை எங்களை இழுத்துக்கொண்டு போனது.

ஆலப்பாக்கம் தாண்டுவதற்குள் இரண்டு பஞ்சர். கடைக்காரர் தொட்டித் தண்ணீரில் டியூபை முக்கி, முட்டை வருகிற இடத்தைக் காட்டி, எப்படி உரசுவது, எப்படிச் சொல்யூஷன் தடவுவது என்று எல்லாருக்கும் சொல்லிக்கொடுத்தார். பஞ்சருக்கு 3 ரூபாய். அந்த 6 ரூபாய்தான் நோட்டில் இருக்கிறது. இன்றைக்கும் என் வீட்டுச் சைக்கிளுக்கு நானே பஞ்சர் ஒட்டுகிறேன்.

பெரியப்பட்டு அருகே சவுக்குத் தோப்பு நிழலில் கட்டிக்கொண்டு போன புளிச்சோற்றைப் பிரித்தோம். புதுச்சத்திரம் பக்கம் சம்பா அறுத்த வயலில் உளுந்து பறித்துக்கொண்டிருந்த பெண்கள் எங்களைப் பார்த்து ரோட்டுக்கே வந்துவிட்டார்கள். அதில் ஒரு பாட்டி, “என்னையும் கொஞ்ச தூரம் ஏத்திக்கிட்டுப் போங்கடி” என்றார். ஏற்றினோம். அடுத்த மைல்கல் வரை கேரியரில் உட்கார்ந்து வந்தார். இறங்கி, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, “இந்த ரோட்டுல அறுவது வருசமா நடக்கறேன். இன்னிக்குத்தான் காத்து மூஞ்சியில அடிச்சுது” என்றார். மறுபடியும் வயலுக்கு நடந்தே போனார்.

பு.முட்லூர் தாண்டும்போது உச்சி வெயில். கடல் காற்று கிளம்பிவிட்டது. தெற்கே போகிற எங்களுக்கு அது எதிர்க்காற்று. வெள்ளாற்றுப் பாலத்தில் ஏறும்போது பெரியம்மாவால் மிதிக்க முடியவில்லை. அங்கே கோயில் படியும் இல்லை, இறங்கத் தெரியாமல் கைப்பிடிச் சுவர் பக்கம் சாய்ந்துவிட்டார். அடி ஒன்றும் பெரிதில்லை. “நீங்க எல்லாம் போங்கம்மா, நான் தள்ளிக்கிட்டு வரேன்” என்றார். யாரும் போகவில்லை. எல்லாரும் இறங்கினோம். பதினெட்டு சைக்கிளையும் தள்ளிக்கொண்டு பாலத்தைக் கடந்தோம். கீழே ஆற்றில் தண்ணீர் கொஞ்சம்தான் இருந்தது. காற்று மட்டும் நிறைய.

பாலம் இறங்கியதும் அந்தத் தங்கச்சி என்னிடம் வந்து, “அக்கா, கடைசி கொஞ்ச தூரம் நான் ஓட்டட்டுமா?” என்றாள். என் சைக்கிளைக் கொடுத்துவிட்டு நான் கேரியரில் உட்கார்ந்தேன். அவள்தான் என்னைச் சிதம்பரத்துக்குள் கொண்டுபோனாள். கீழ வீதித் தேரடி வந்தபோது மணி ஒன்று இருக்கும். கோபுரத்தைப் பார்த்துக் கும்பிட்டோம். சில பேருக்கு அழுகை வந்தது, எதற்கு என்று யாரும் கேட்கவில்லை. ஆளுக்கு ஒரு சோடா குடித்தோம். தெற்கு வீதி நிழலில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தோம். எங்கள் கல்யாணத்துக்குப் பிறகு, வீட்டு ஆண்கள் கூட வராமல் நாங்கள் வெளியூர் வந்தது எங்களில் பாதிப் பேருக்கு அதுதான் முதல் தடவை.

அதற்குப் பிறகு

கதையை இங்கேயே முடித்தால் நல்லாயிருக்கும். ஆனால் வரலாறு என்று கேட்டதால் மிச்சத்தையும் சொல்கிறேன்.

பூட்டி வைத்த அந்தச் சைக்கிளை மூன்று மாசத்தில் அவள் வீட்டுக்காரர் விற்றுவிட்டார். பில் அவர் பெயரில் இருந்ததால் யாரும் ஒன்றும் கேட்க முடியவில்லை. இல்லாத சைக்கிளுக்கு அவள் மாசம் 100 ரூபாய் கட்டினாள், ஒரு தவணை கூடத் தவறாமல். கூட்டத்தில் அவள் பணத்தை எண்ணி வைக்கும்போது எங்களுக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாது. கடைசித் தவணை கட்டின அன்றைக்கு ஒரு தீர்மானம் போட்டோம்: இனிமேல் குழுக் கடனில் வாங்குகிற எந்தப் பொருளுக்கும், சைக்கிளோ தையல் மிஷினோ கறவை மாடோ, ரசீது உறுப்பினர் பெயரில்தான் இருக்க வேண்டும், ரசீதைக் கூட்டத்தில் காட்ட வேண்டும். அவளுக்கு மறுபடியும் கடன் கொடுத்தோம். இந்தத் தடவை கடைக்கு அவளோடு நாங்கள் ஐந்து பேர் போனோம்.

அரசாங்கமும் சைக்கிளின் அருமையைக் கண்டது. 2001-02-ல் தமிழ்நாட்டில் ஆதிதிராவிட, பழங்குடி மேல்நிலைப் பள்ளி மாணவிகளுக்கு விலையில்லா சைக்கிள் கொடுக்கத் தொடங்கினார்கள். பிறகு மற்ற மாணவிகளுக்கும் மாணவர்களுக்கும் அது விரிந்தது. 2006-ல் பீகாரில் ஒன்பதாம் வகுப்பு மாணவிகளுக்குக் கொடுத்தார்கள். அங்கே ஆராய்ச்சி செய்தவர்கள், அந்த வயதுப் பெண்கள் உயர்நிலைப் பள்ளியில் சேர்வது 32 சதவீதம் கூடியது, ஆண் பெண் இடைவெளி 40 சதவீதம் குறைந்தது என்று கண்டார்கள். பள்ளிக்கூடம் தூரமாக இருந்த ஊர்களில்தான் பலன் அதிகம்.

2011 டிசம்பர் 30-ல் தானே புயல் நம்மைப் புரட்டிப் போட்டது நினைவிருக்கும். முந்திரியும் பலாவும் சாய்ந்து, மின்கம்பம் விழுந்து, பஸ் ஓடவில்லை. மறுநாள் எங்கள் குழுவில் ஆறு பேர் சைக்கிளை எடுத்தோம். விழுந்த மரத்துக்கு மேலே சைக்கிளைத் தூக்கி அந்தப் பக்கம் வைத்து, மறுபடி ஏறி, பக்கத்துக் குக்கிராமங்களில் இருந்த உறுப்பினர்கள் வீடு ஒவ்வொன்றாய்ப் பார்த்து வந்தோம். கூரை போன வீடு எத்தனை, அரிசி இல்லாத வீடு எத்தனை என்று எங்கள் நோட்டில்தான் முதலில் ஏறியது.

இப்போது 2021 முதல் டவுன் பஸ்ஸில் நமக்குக் கட்டணம் இல்லை. ஸ்கூட்டி ஓட்டுகிற பெண்கள் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள். சைக்கிள் எதற்கு என்று மருமகள் கேட்கிறாள். நல்ல கேள்விதான். ஆனால் பஸ் நிற்கிற இடத்திலிருந்து வீட்டுக்கு இன்னும் 2 கிலோமீட்டர் இருக்கிறது. ஸ்கூட்டியின் சாவி யாரிடம் இருக்கிறது, ஆர்.சி. புத்தகத்தில் யார் பெயர் இருக்கிறது என்று நான் திருப்பிக் கேட்டேன். அவள் சிரித்தாள். அவள் வண்டியின் ஆர்.சி.யில் இருப்பது என் மகனுடைய பெயர். கடன் அவள் பெயரில். இருபது வருஷத்துக்கு மேல் ஆகியும் அதே பில் கதை, என் வீட்டிலேயே. அடுத்த வாரம் மூன்று பேரும் ஆர்.டி.ஓ. ஆபீஸுக்குப் போனோம்.

இன்னொன்றும் கவலையாக இருக்கிறது. பள்ளிக்கூடத்தில் சைக்கிள் வாங்குகிற பெண் பிள்ளை, கல்யாணம் ஆகி வந்ததும் அதைத் தொடுவதில்லை. அவளுடைய சைக்கிள் பிறந்த வீட்டில் துருப்பிடிக்கிறது, அல்லது தம்பி ஓட்டுகிறான். புதுக்கோட்டையிலும் இயக்கம் ஓய்ந்த பிறகு எல்லாரும் ஓட்டிக்கொண்டே இருந்தார்கள் என்று நான் சொல்லமாட்டேன். சைக்கிள் பழகுவது ஒரு நாள் வேலை. அதை விடாமல் வைத்திருக்கத்தான் வருஷக்கணக்கில் கூட்டம் வேண்டியிருக்கிறது. தனியாகப் போனால் வங்கி மேனேஜர் உட்காரச் சொல்லாத நாம், குழுவாகப் போனபோது கடன் வாங்கினோம் இல்லையா? அதே கணக்குதான் இதுவும்.

எங்கள் பத்தொன்பது பேரில் இருக்கிறவர்கள் பதினைந்து. இன்னும் சைக்கிள் ஓட்டுகிறவர்கள் ஆறு பேர். அந்தத் தங்கச்சிக்கு இப்போது சொந்தமாக இட்லிக் கடை. காலையில் மாவுத் தூக்கைக் கேரியரில் கட்டிக்கொண்டு சைக்கிளில்தான் கடைக்குப் போகிறாள். பெரியம்மா போய்ச் சேர்ந்து ஒன்பது வருஷம் ஆகிறது. கடைசி வரைக்கும் அவருக்கு இறங்க மட்டும் வரவே இல்லை. அவர் வீட்டு வாசலில் காலை ஊன்றி இறங்குவதற்காகப் போட்ட கல் இன்னும் இருக்கிறது. பேரப் பிள்ளைகள் அதன்மேல் உட்கார்ந்து விளையாடுகிறார்கள்.

சகோதரிகளே, உங்கள் குழுவின் பழைய நோட்டுகளையும் எடுத்துப் பாருங்கள். ஒரு வரியில் எழுதி மறந்துபோன நாட்கள் அதில் இருக்கும். தெரிந்தவர்கள் இருக்கும்போதே கேட்டு எழுதி வையுங்கள். அப்படியே, உங்கள் வீட்டில் குழுக் கடனில் வாங்கின பொருளின் ரசீதையும் ஒருமுறை எடுத்து, அதில் யார் பெயர் இருக்கிறது என்று பார்த்துவிடுங்கள்.

இப்படிக்கு,
உங்களில் ஒருத்தி, முன்னாள் ஊக்குநர்